காதைத் தொட்ட கை

ஏப்ரல் 7, திங்கள்

ரெஜினா மேடம் இன்று இரண்டு நோட்டு கொடுத்தார். ஒன்று ஜாடிகளுக்கு. எந்த ஜாடியில் என்ன மாற்றினேன் என்று தினமும் தேதி போட்டு அதில் எழுத வேண்டும். இன்னொன்று போன வருஷத்து டைரி, எழுதாதது. "இது உங்களுக்கு மாதம்மா. யாருகிட்டயும் பேச மாட்டேங்கறீங்க. இதுலயாவது பேசுங்க" என்றார்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். "தப்பு இருந்தா சிரிக்கக் கூடாது மேடம்" என்றேன். "நான் படிக்கவே மாட்டேன். படிச்சாத்தான சிரிக்க?" என்றார்.

காலேஜில் கூட்டுகிற வேலைக்குத்தான் வந்தேன். போன ஐப்பசியிலிருந்து மேடத்தின் ரூமில் ஜாடி பார்க்கிறேன். ஆறு ஜாடி. முயல், எலி, வௌவால், வெள்ளாடு இவற்றின் பிறக்காத குட்டிகள். எல்லாம் விரல் நீளம், கை நீளம். எந்த எலும்பு எத்தனையாவது நாளில் கெட்டியாகிறது, ஒவ்வொரு இனத்திலும் அது ஏன் முன்னே பின்னே ஆகிறது என்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி.

என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. பெயர் மாதம்மாள். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். இரண்டு பெண். பெரியவள் கலையரசி தை மாதம் பிரசவத்தில் போய்விட்டாள். வயது பத்தொன்பது. குழந்தை இருக்கிறது. சின்னவள் தமிழரசி பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

ஏப்ரல் 9, புதன்

ஜாடி 1 முதல் 6 வரை நீலச் சாயத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் மாற்றினேன். மழை வருவது போல் இருந்து வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு. குழந்தையைப் பார்க்க அண்ணி வீட்டுக்குப் போனேன். அலமேலு அண்ணி என் வீட்டுக்காரருக்கு அக்காள். அவர் மகன் குமரவேலுக்குத்தான் கலையைக் கொடுத்தேன். குமரவேல் டிராக்டர் ஓட்டப் போயிருந்தார்.

குழந்தைக்கு மூன்று மாதம். மடியில் போட்டு எண்ணெய் வைத்தேன். உச்சிக்குழி தொட்டால் மெத்தென்று இருக்கிறது. உள்ளே துடிக்கிறது. கையை எடுத்துவிட்டேன்.

பருப்பு வடையைக் கையில் வைத்துவிட்டு அண்ணி ஆரம்பித்தார்.

"எத்தினி நாளைக்குத்தான் நானே பால் பாட்டில தூக்கிக்கினு சுத்தறது? எனக்கு முட்டி வலி. வெளியில இருந்து ஒருத்திய கொண்டாந்தா அவ இதைப் பெத்ததாட்டம் பாப்பாளா? சித்திதான் பாப்பா. தமிழு இருக்கறப்ப நான் எதுக்கு ஊர் ஊரா பொண்ணு தேடணும்?"

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜூன் ஒண்ணு வந்தா அவளுக்குப் பதினெட்டு. ஆதாரைப் பாத்துட்டேன். இப்ப யாரும் கேள்வி கேக்க முடியாது. ஜூன் எட்டு ஞாயித்துக்கெழம முகூர்த்தம். கோயில்ல வெச்சு முடிச்சிரலாம். இன்னாடி, வாயத் தொறக்கறியா?"

"தமிழு படிக்கணுங்கறா அண்ணி" என்றேன்.

"கலையுந்தான் படிக்கணும்னா."

 வடையைத் தின்றேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன்.

ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று கிடக்கும். என்ன பிராணி, எத்தனையாவது நாள் குட்டி என்று. தாய் முயல் ஆணோடு சேர்ந்த தேதியை முயல் கொட்டகைக் கந்தசாமி அண்ணன் எழுதி வைத்திருப்பார். அதைப் பார்த்து மேடம் நாளைக் கணக்குப் போட்டு எழுதுவார். மூன்றாவது ஜாடியும் ஐந்தாவது ஜாடியும் முயல். தண்ணீரை வடிக்கும்போது இரண்டு சீட்டும் ஒரே தட்டில் விழுந்துவிட்டன. ஒன்றில் 21, ஒன்றில் 25. இரண்டு குட்டியும் ஒரே மாதிரிச் சுருண்டிருந்தன. தோலுரித்த பிறகு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மேடம் வகுப்பில் இருந்தார். வரும்வரை காத்திருந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குத்துமதிப்பாகச் சீட்டைப் போட்டு மூடினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சதை எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. காரத் தண்ணீரில் ஊற ஊறச் சதை நிறம் போய்விடும். அப்புறம் சிவப்புச் சாயம். கெட்டியான எலும்பு சிவப்பாகும். இன்னும் இளசாக இருப்பது முன்னே ஊற்றிய நீலத்திலேயே நிற்கும். ஆறு மாதமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிகிறது.

மேடம் வெள்ளாட்டுக் குட்டியை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கால் முழுக்க சிவப்பு. "இது பொறந்த அன்னைக்கே எந்திரிச்சு நடக்கணும். அதனால கால் முதல்லயே தயாரா இருக்கு. எலியப் பாருங்க, கால் இன்னும் நீலம். கூட்டுல படுத்திருந்தாப் போதும், அவசரம் இல்லை." வௌவாலுக்குப் பாதம் சிவந்திருந்தது. பறக்கத்தான் நாளாகுமாம், தாயைக் கவ்விக்கொண்டு தொங்கப் பாதம் உடனே வேண்டுமாம். ஆஸ்திரேலியாவில் வயிற்றுப் பையில் குட்டி வைத்திருக்கும் பிராணி ஒன்றின் படத்தையும் காட்டினார். பிறக்கும்போது அவரைக் கொட்டை அளவாம். கையால் ஊர்ந்தே பைக்குள் போய் வாயால் காம்பைப் பிடிக்க வேண்டும். அதனால் தாடையும் கையும் முதலில், பின்னங்கால் அப்புறம்.

"ஆரு மேடம் இதை இப்படி முன்ன பின்ன வெச்சது?"

"யாரும் வைக்கலை. பால் குடிக்கற பிராணி எல்லாத்துக்கும் பழைய வரிசை ஒண்ணு இருக்கு. தாடை, கழுத்துக்குக் கீழ இருக்கற காறை எலும்பு மாதிரி சிலது முதல்ல. மணிக்கட்டு, கணுக்கால்ல இருக்கற சின்ன எலும்பெல்லாம் கடைசியில. கோடிக்கணக்கான வருஷத்துல ஒவ்வொரு இனத்துலயும் அது கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்திருக்கு. எதுக்கு எப்பத் தேவையோ அப்ப வந்தது பொழச்சுது. தப்பான நேரத்துல வந்தது பொழைக்கல."

தரை துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மேடம் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். "இருபத்தஞ்சு நாள்னு எழுதியிருக்கு. ஆனா கால் விரல்ல சிவப்பே வரலை. இது இருபத்தஞ்சா இருக்க முடியாது. சீட்டு என்ன வேணா சொல்லட்டும்."

கந்தசாமி அண்ணனைக் கூப்பிட்டார். நாற்பது வருஷமாக முயல் கொட்டகையில் இருக்கிறவர். "தேதியைச் சரியா எழுதினீங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கண்ணு செரியாத் தெரியறதில்ல மேடம். தப்பா எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன்" என்றார்.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா மாதம்மா?"

"தெரியாதுங்க மேடம்."

எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

மே 2, வெள்ளி

மேடம் இன்று மனிதக் குழந்தையின் படம் போட்டுக்கொண்டிருந்தார். மாணவர்களுக்குக் காட்ட. நமக்கு மூளை பெரிது, அதனால் மண்டை எலும்பு வயிற்றிலேயே சீக்கிரம் தொடங்கிவிடுகிறதாம். ஆனால் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கிறதாம், பிறக்கிற வழி சின்னது என்பதால். கையும் காலும் அப்புறம்தான் நீளும்.

"அதனாலதான் அந்தக் காலத்துல ஸ்கூல்ல காதைத் தொடச் சொல்லுவாங்க. உங்க ஊர்லயும் உண்டா? வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடணும். சின்னப் பிள்ளைக்குத் தலை பெருசு, கை குட்டை, எட்டாது. ஆறு வயசு ஆனாத்தான் எட்டும். பர்த் சர்டிபிகேட் இல்லாத ஊர்ல அதுதான் சர்டிபிகேட்" என்று சொல்லித் தன் கையைத் தலைமேல் போட்டுக் காட்டிச் சிரித்தார்.

நான் கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்தேன். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மே 3, சனி

எழுத ஒன்றும் இல்லை.

மே 8, வியாழன்

தமிழரசி பாஸ். ஐந்நூற்று முப்பத்திரண்டு. செல்போனில் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். சிரிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்தார். குழந்தையையும் தூக்கி வந்திருந்தார். தாலிக்கும் புடவைக்கும் சொல்லியாகிவிட்டது என்றார். குழந்தையைத் தமிழின் மடியில் வைத்துவிட்டு, "பாரு, எப்படி ஒட்டிக்கினா பாரு. ரத்தம் ரத்தத்தைத் தெரிஞ்சிக்கும்" என்றார். தமிழ் குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அண்ணி போகும்வரை தலை நிமிரவில்லை.

அப்புறம் சொன்னாள்.

"அம்மா, எனக்குப் பதினாறுதான ஆவுது."

"ஆரு சொன்னா?"

"அக்கா சொன்னா. நான் பொறந்தப்ப சூளையில கல்லு வேகற நாளு, அவளுக்கு ரெண்டு வயசு, எல்லாம் கணக்குப் பண்ணிச் சொன்னா. பேப்பர்லதான் நமக்கு ரெண்டு வருஷம் ஜாஸ்தின்னா."

"பேசாம இருடி."

"நான் சொன்னா ஆரும் நம்ப மாட்டாங்க. பேப்பர் அவங்க பக்கம். நீ ஒருத்தி சொன்னாப் போதும்மா. ஒரு வார்த்த."

சோறு வடித்தேன். அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மே 12, திங்கள்

ஜாடி வேலை இல்லை, எல்லாம் கிளிசரினில் இருக்கிறது. மேடம் லீவு. ரூமில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

செங்கல் சூளையில்தான் இரண்டு பேரும் பிறந்தார்கள். எந்தச் சீட்டும் கிடையாது. மண் குழைக்கும் இடத்தில் பிள்ளையை விட்டால் குழியில் விழும். பள்ளிக்கூடத்தில் விட்டால் மதியம் சோறும் முட்டையும் கிடைக்கும். கலைக்கு நாலு வயது. ஆறு ஆகவில்லை என்றால் ஹெட்மாஸ்டர் சேர்க்க மாட்டார். காதைத் தொடச் சொல்வார் என்று தெரியும். ஒரு வாரம் வீட்டில் பழக்கினேன். கையைப் போடு, அப்படியே தலையை இந்தப் பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள், தோளைத் தூக்கு. எட்டிவிட்டது. எட்டியதும் கையைத் தட்டினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று தொட்டாள். தொட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். கை தட்டுவேன் என்று. ஹெட்மாஸ்டர் ஆறு வயது, ஜூன் ஒன்று என்று எழுதினார். இரண்டு வருஷம் கழித்துத் தமிழையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இதுவரை எழுதியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பசிக்குச் செய்தது. ஊரில் பாதிப் பேர் செய்தது.

மேலே எழுத வேண்டியதுதான் கை வரவில்லை.

கலைக்குப் பதினாறில் கல்யாணம் செய்தேன். எனக்கே பதினைந்தில் ஆயிற்று, எனக்கு என்ன ஆகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் வயசுப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி கரையேறினால் போதும் என்று இருந்தது. பேப்பர் பதினெட்டு என்றது. பேப்பரை நான்தான் எழுத வைத்தேன் என்பதை நானே மறந்த மாதிரி இருந்தேன்.

கலை உண்டாகி ஏழாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கலையின் இடுப்பை அளந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, திட்டறதுக்குக் கேக்கலை. இந்தப் பொண்ணுக்கு நிஜமா என்ன வயசு? சின்னப் பொண்ணுன்னா நாங்க வேற மாதிரி பாக்கணும். முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்றார். எவ்வளவு தன்மையாகக் கேட்டார். அண்ணி கதவோரம் நின்றிருந்தார். போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

"பத்தொம்பது நடக்குதுங்க" என்றேன்.

டாக்டரம்மா கலையிடமும் கேட்டார். கலை என்னைப் பார்த்தாள். அப்புறம் பத்தொம்பது என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தாள். அன்றைக்குக் காதைத் தொட்டுவிட்டுப் பார்த்தாளே, அதே மாதிரி.

வலி வந்து ஒன்றரை நாள் ஆயிற்று. தலை இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றியபோது ரத்தம் நிற்கவில்லை. குழந்தையை எடுத்தார்கள்.

மே 15, வியாழன்

சீட்டு விஷயத்தை மேடத்திடம் சொல்லிவிட்டேன். கந்தசாமி அண்ணன் தப்பு இல்லை, நான்தான் மாற்றிப் போட்டேன், கேட்டபோதும் பொய் சொன்னேன் என்று.  மேடத்துக்குக் கோபம் வந்தது தெரிந்தது. "அவர் ரெண்டு வாரமா என் முகத்தைப் பாக்கலை மாதம்மா. முதல்ல அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

கொட்டகைக்குப் போனேன். கந்தசாமி அண்ணன் முயலுக்குக் கீரை போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். "அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்குதா? கண்ணாடி மாத்தச் சொல்லிட்டேனே, நாசமாப் போறவளே" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குப் போயி ஆராச்சும் அழுவாங்களா" என்றார். இதற்கு இல்லை என்று எப்படிச் சொல்வது.

திரும்பி வந்து மேடத்திடம் கேட்டேன். "மேடம், அந்த முயலைப் பாத்துச் சொன்னாப்பல மனுசங்களுக்கும் எலும்பப் பாத்து வயசு சொல்ல முடியுமா?"

"ஓரளவு முடியும். மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு இதெல்லாம் எக்ஸ்ரே எடுத்தா, வளர்ற எலும்பு ஓரத்துல ஒரு இடைவெளி தெரியும். வளர்ச்சி முடிஞ்சா அது மூடிடும். இடுப்பு எலும்பு குழந்தைக்கு ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டா இருக்கும். அது ஒண்ணாச் சேர்ந்த பிறகும் ஓரமெல்லாம் முடிய இருபது ஆகிடும். நம்ம உடம்புல ரொம்ப நிதானமா முடியற எலும்புல அதுவும் ஒண்ணு."

"பதினேழுல?"

மேடம் என்னைப் பார்த்தார். "யாருக்கு மாதம்மா?"

உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும். மேடம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அது நல்லதாகப் போயிற்று. சொல்லியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். "குழந்தைங்களுக்குன்னு ஒரு உதவி நம்பர் இருக்கு, ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டு, அதுக்கு போன் பண்ணினா வருவாங்க. ஆனா பேப்பர்ல அவளுக்குப் பதினெட்டு. நீங்க வந்து சொன்னாத்தான் எக்ஸ்ரேயே எடுப்பாங்க. சொன்னா பெரியவ விஷயமும் வரும். யோசிச்சுக்கங்க" என்றார்.

மே 19, திங்கள்

போன் பண்ணுவதற்கு முன்னால் அண்ணியிடம் நேரில் சொல்வதுதான் முறை என்று போனேன்.

"அண்ணி, தமிழுக்குப் பதினாறுதான். கலைக்கும் பதினேழுதான் இருந்துச்சு."

அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இது இன்னா புதுசா? எனக்குத் தெரியாதா? சூளையில உனக்குப் பிரசவம் பாத்ததே நானு."

 நான் மட்டும் சுமப்பதாக நினைத்தேன்.

"இப்ப இன்னாத்துக்கு அதக் கிளர்ற? ஆபீஸ்ல போயி சொல்லப் போறியா? சொல்லு. உன் பொண்ண நீயே சாவக் குடுத்தேன்னு ஊரு மொத்தமும் பேசட்டும். அப்பறம் இந்த வாசப்படிய மிதிக்காத. கொழந்தயத் தொடாத."

குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பாமல் வந்தேன்.

தெருமுனையில் குமரவேல் டிராக்டரை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். கேட்டிருப்பார் போல. "அத்த" என்றார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துத் துடைத்து, துணிதான் அழுக்கானது. "எனக்கும் தெரியும் அத்த. கல்யாணம் ஆன மறுநாளே கலை சொல்லுச்சு. பயமா இருக்குதுன்னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன்."

 அப்புறம் "தமிழு படிக்கட்டும் அத்த. அம்மாகிட்ட நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. நீங்க போயிச் சொல்லுங்க" என்றார்.

மே 26, திங்கள்

போன் பண்ணினேன், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள், போய்ச் சொன்னேன். ஆபீசரம்மா எழுதிக்கொண்டார். தமிழ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேப்பரில் பதினெட்டு ஆகப்போகிறதே, கல்யாணம் வேண்டாம் என்பதற்காக வயதைக் குறைத்துச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். முன்னே பள்ளிக்கூடத்தில் கூட்டிச் சொன்னபோது ஒருத்தரும் இப்படிக் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுக்க எழுதிக் கொடுத்தார்கள்.

எக்ஸ்ரே எடுக்கும்போது தமிழ் கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நேரா வை" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். மணிக்கட்டுக்கு மேலே எலும்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. இன்னும் மூடவில்லை. ஜாடியில் பார்த்துப் பழகியதால் அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாறிலிருந்து பதினேழுக்குள் என்று எழுதினார். இடுப்புப் படத்தையும் மாட்டினார். அதை நான் பார்க்கவில்லை.

கல்யாணம் நின்றது. அண்ணி வீட்டுக்கு நோட்டீஸ் போயிற்று.

ஆபீசரம்மா கடைசியில் பேனாவை மூடாமல் கேட்டார். "மூத்த பொண்ணுக்கும் இதே மாதிரிதானா?"

"ஆமாங்க."

"எறந்தப்ப என்ன வயசு?"

"பதினேழு. பங்குனி வந்திருந்தா பதினெட்டு."

"ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?"

"இல்லீங்க. கேட்டாங்க. மறைச்சிட்டேன்."

"உங்க மேல கேஸ் வரலாம், தெரியுதா?"

"வரட்டுங்க."

தைரியத்தில் சொல்லவில்லை. வந்தால் தேவலை போல இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

முகூர்த்த நாள். தமிழ் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பிறந்த தேதி என்று இருந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். திருத்தி வரும்வரை பழையதைத்தான் எழுத வேண்டுமாம். எழுதினாள்.

பத்து மணிக்கு டிராக்டர் சத்தம். குமரவேல் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "அம்மா சந்தைக்குப் போயிருக்குது. ஒரு மணிநேரம் அத்த" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவில்லை.

குழந்தையை மடியில் போட்டேன். ஐந்து மாதம். உச்சிக்குழி இன்னும் துடிக்கிறது. இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. ஏனோ தெரியவில்லை, அதன் வலது கையைப் பிடித்து மெதுவாகத் தலைக்கு மேல் கொண்டுபோனேன். விரல் உச்சிக்கே எட்டவில்லை. காது எங்கேயோ இருந்தது. கையை விட்டுவிட்டேன். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் தட்டவில்லை.

அவர்கள் போன பிறகு இந்த டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். கலையரசி தை மாதம் பிரசவத்தில் போய்விட்டாள், வயது பத்தொன்பது என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டிலும்.

அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன். பதினேழு.